டவுனைக் காதாலும் மூக்காலும் காலாலும் படிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கையின் மலையகத்தில் ஒரு சின்ன டவுனுக்குப் பக்கத்தில் புவியியல் படிப்பிக்கிறேன். சில வருஷமாக உயர்தர வகுப்புப் பிள்ளைகளையும், ஆர்வமுள்ள பெரியவர்கள் சிலரையும் கூட்டிக்கொண்டு டவுனுக்குள் நடந்து, கேட்டதையும் முகர்ந்ததையும் தொட்டதையும் எழுதி வைக்கிறோம். அதைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே ஒன்றாகப் போட்டிருக்கிறேன்.

புலன்களால் ஒரு இடத்தைப் படிப்பது என்றால் என்ன?

பஸ் ஸ்டாண்ட், சந்தை, கடைத்தெரு நடைபாதை, ஸ்டேஷன் முன்வாசல், மைதான ஓரம், கோயில் படிக்கட்டு. இப்படி எல்லோரும் வந்து போகிற இடங்களுக்கு நேரில் போய் நின்று, காதில் என்ன விழுகிறது, மூக்குக்கு என்ன வருகிறது, காலடியில் தரை எப்படி இருக்கிறது, கையால் பிடிக்கிற கம்பி எப்படி இருக்கிறது என்று கவனித்து, நேரத்தையும் இடத்தையும் போட்டு எழுதி வைப்பது. கவனிப்பதை நாம் எல்லோரும் தினமும் செய்துகொண்டுதான் இருக்கிறோம். எழுதி வைப்பதுதான் கிடையாது.

கண்ணால் பார்த்து நாலு படம் எடுத்தால் போதாதா?

படம் எடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் எங்கள் டவுனில் ஒரு பஸ் தரிப்பிடம் இருக்கிறது. கூரை உண்டு, வரிசையாக இருக்கைகள் உண்டு, படத்தில் பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் கடைசி இரண்டு இருக்கைகளில் யாரும் உட்காருவதில்லை. மழை கொட்டினாலும் பெண்கள் முன்பக்கம் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பார்களே தவிர அந்த மூலைக்குப் போக மாட்டார்கள். பிள்ளைகளை அங்கே 10 நிமிஷம் உட்கார்ந்து பார்க்கச் சொன்னேன். மூன்றாவது நிமிஷத்திலேயே ஒரு பிள்ளை லேஞ்சியால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். சுவருக்குப் பின்னால் சாக்கடைக் கான் ஓடுகிறது, ஆண்கள் அங்கேதான் ஒதுங்குகிறார்கள், பள்ளத்திலிருந்து காற்று மேலே அடிக்கும்போது அந்த மூத்திர வாடை நேராக அந்த இரண்டு இருக்கைக்கும் வந்து சேருகிறது. இருக்கை காலியாகக் கிடப்பது படத்தில் தெரியும், காரணம் தெரியாது.

நம் பழைய இலக்கணக்காரர்கள் உயிர்களை வகுத்தபோது ஓரறிவு உயிருக்குக் கொடுத்தது தொடுதலை. அதற்குப் பிறகு நாக்கு, மூக்கு. கண் நாலாவதாகத்தான் வருகிறது, காது ஐந்தாவது. இந்த வேலையை ஆரம்பிக்கும் பிள்ளைகளுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன். நமக்கு முதலில் கிடைத்த அறிவை எதற்குக் கடைசியில் வைக்க வேண்டும்?

இதை யாரும் ஏற்கெனவே செய்திருக்கிறார்களா, அல்லது நீங்களாகவே கண்டுபிடித்ததா?

நாங்கள் கண்டுபிடிக்கவில்லை. அமெரிக்காவில் மைக்கேல் சவுத்வர்த் என்ற ஆய்வாளர் பொஸ்டன் நகரத்தில் சிலரைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தெருத்தெருவாகக் கூட்டிப்போனார். ஒரு சாராருக்குக் கண்ணைக் கட்டினார், இன்னொரு சாராருக்குக் காதை அடைத்தார், மற்றவர்களை அப்படியே விட்டார். ஒரே தெருவை அவர்கள் வேறு வேறு மாதிரி விவரித்தார்கள். அந்த ஆய்வு 1969இல் வெளிவந்தது. கிட்டத்தட்ட அதே காலத்தில் கனடாவின் வன்கூவர் பக்கம், சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகத்தில், இசையமைப்பாளர் மரே ஷேஃபர் ஒரு குழுவைச் சேர்த்துக்கொண்டு ஊர்களின் சத்தத்தைப் பதிவு செய்யத் தொடங்கினார். 1975இல் ஐரோப்பாவின் 5 கிராமங்களுக்குப் போய்ச் சத்தங்களைச் சேகரித்தார்கள். அந்தக் குழுவில் இருந்த ஹில்டகார்ட் வெஸ்டர்காம்ப் தான் கேட்டுக்கொண்டே நடப்பதை ஒரு முறையாக வளர்த்தவர். வாசனைப் பக்கம் டக்ளஸ் போர்ட்டியஸ் 1985இல் எழுதினார், பிறகு இங்கிலாந்தில் விக்டோரியா ஹென்ஷோ ஆட்களைக் கூட்டிக்கொண்டு முகர்ந்து நடந்தார், கேட் மெக்லீன் எடின்பரோ, ஆம்ஸ்டர்டாம் போன்ற நகரங்களுக்கு வாசனை வரைபடமே வரைந்தார்.

எனக்குப் பிடித்தது வில்லியம் வைட். 1970களில் நியூயோர்க்கில் கட்டட உச்சியில் கமரா வைத்து, மக்கள் எங்கே நிற்கிறார்கள், எங்கே உட்காருகிறார்கள் என்று வருஷக்கணக்காகப் பார்த்தார். அவர் கண்டது: உட்கார இடம் இருக்கும் இடத்தில்தான் மக்கள் உட்காருகிறார்கள். சின்ன விஷயம் மாதிரித் தெரியும், ஆனால் அதை எண்ணிக் காட்டியதால்தான் அந்த நகரத்தின் கட்டட விதிகளையே மாற்ற முடிந்தது. இன்னொன்றும் கண்டார். தெருவில் சந்திப்பவர்கள் ஓரமாக ஒதுங்கிப் பேசுவதில்லை, கூட்டத்தின் நட்ட நடுவில் நின்றுதான் பேசுகிறார்கள். சம்பள நாளில் எங்கள் மெயின் வீதிக்கு வந்து பாருங்கள். வேறு வேறு தோட்டத்திலிருந்து வந்த அக்கா தங்கச்சி இரண்டு பேர் நடைபாதை நடுவில் பையைக் கீழே வைத்துவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு பேசுவார்கள், ஊரே அவர்களைச் சுற்றிக்கொண்டு போகும்.

மலையகத்துக்கு இது ஏன் முக்கியம்?

இங்குள்ள டவுன்கள் பெரும்பாலும் தோட்டங்களுக்காக உருவானவை. ரயில் 1867இல் கண்டிக்கு வந்ததும், 1885இல் நானுஓயா வரை ஏறியதும், 1924இல் பதுளையில் போய் முடிந்ததும் முதலில் கோப்பியையும் பிறகு தேயிலையையும் கீழே இறக்கத்தான். ஸ்டேஷன், ஸ்டோர், பேங்க், கடைத்தெரு எல்லாம் அந்தக் கணக்கில் வந்தன. கொழுந்தெடுப்பவர் ஞாயிற்றுக்கிழமை டவுனுக்கு வந்து, சாமான் வாங்கி, அடகை மீட்டு, மருந்தெடுத்து, பிள்ளைக்குக் கொப்பி வாங்கி, மத்தியானத்து பஸ்சுக்குக் காத்திருக்கும் அந்த 5, 6 மணித்தியாலம் எங்கே உட்காருவார், எங்கே ஒதுங்குவார் என்று அன்று யாரும் வரையவில்லை. இன்றைக்கும் அதிகம் வரைவதில்லை. ஆனால் அந்த அம்மாவுக்கு எல்லாம் தெரியும். எந்தப் படியில் வழுக்கும், எந்தக் கடை முன்னால் நின்றால் விரட்ட மாட்டார்கள், எந்த இடத்தில் வெயில் 10 மணிக்கு வரும், எல்லாம் அவர் உடம்பில் இருக்கிறது, காகிதத்தில் இல்லை. என்னைப் பொறுத்தவரை இந்த வேலை முழுவதும் அதைக் காகிதத்துக்குக் கொண்டுவருவதற்காகத்தான்.

அப்புறம், காதால் நேரம் பார்த்த பரம்பரை நாம். பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்கு ஆள் கூடும் இடத்துக்கு, தப்பு அடித்துக் கூப்பிட்ட காலத்தை எங்கள் அம்மாயி சொல்லியிருக்கிறார், அதற்குப் பிறகு பெக்டரிச் சங்கு வந்தது. சங்கு ஊதினால் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) எந்த அடுப்பில் என்ன நடக்கும் என்று அவரால் சொல்ல முடியும். இந்தத் திறமைக்குப் புதிதாகப் பயிற்சி தேவையில்லை.

என்ன சாமான் வேண்டும்?

கொப்பி, பென்சில் (மழையில் பேனா மை கரையும்), மணிக்கூடு. போன் இருந்தால் நல்லது. அளவு நாடா ஒன்று. குடை கட்டாயம்.

முதல் நடையை எப்படிச் செய்வது?

தெரிந்த இடத்தையே எடுங்கள். ஒரு கிலோமீட்டருக்கு மேல் வேண்டாம். 6 அல்லது 7 நிற்குமிடங்களை முன்கூட்டியே குறித்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் 5 நிமிஷம் வாய் பேசாமல் நில்லுங்கள். முதல் நிமிஷத்தில் எழுத வேண்டாம், சும்மா நில்லுங்கள், டவுனுக்குள் வந்த அவசரம் கொஞ்சம் அடங்கட்டும். பிறகு ஒரே ஒரு புலனை மட்டும் எடுத்துக்கொண்டு எழுதுங்கள். எல்லாப் புலனையும் ஒரே நடையில் பிடிக்கப் போனால் ஒன்றும் ஒழுங்காக வராது, நாங்கள் முதல் தடவை அப்படித்தான் போய்க் கொப்பி நிறைய "சத்தம், நாற்றம், கூட்டம்" என்று எழுதிக்கொண்டு வந்தோம்.

அதே பாதையை அதிகாலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, கடை மூடும் நேரத்தில் ஒரு தடவை நடங்கள். சாதாரண நாள் ஒன்று, ஞாயிறு ஒன்று. ஹட்டன் மாதிரி இடமென்றால் சிவனொளிபாதமலை சீசனையும் கணக்கில் எடுக்க வேண்டும். மார்கழிப் பௌர்ணமியிலிருந்து வெசாக் வரை இரவிலும் அந்த டவுன் தூங்குவதில்லை. மலையடிவாரத்து நல்லதண்ணிக்குப் போகும் பஸ்சுக்காக ராத்திரி இரண்டு மணிக்குத் தொப்பியும் மப்ளருமாக நிற்கும் கூட்டத்தைப் பார்க்காமல் ஹட்டன் பஸ் ஸ்டாண்டைப் பற்றி எழுதினால் பாதிதான் எழுதியதாக இருக்கும்.

காதில் விழுவதையெல்லாம் எழுதினால் குழம்பிப் போகிறதே?

ஷேஃபர் ஒரு வழி வைத்திருக்கிறார், அதை நம் பேச்சுக்கு மாற்றிக்கொண்டோம். முதலாவது அடிச்சத்தம்: எப்போதும் இருப்பதால் கேட்காமலே போய்விடுவது. பஸ் ஸ்டாண்டில் அது நின்றபடியே உறுமிக்கொண்டிருக்கும் எஞ்சின்கள், மழை நாளில் தகரக் கூரை. இரண்டாவது கூப்பிடும் சத்தம்: உங்களைத் திரும்பிப் பார்க்க வைப்பது. கொண்டக்டர் "கண்டி கண்டி கண்டி" என்று ஒரே மூச்சில் இழுப்பது, ரயில் ஹோர்ன், பாண் விற்கப் பீத்தோவன் மெட்டைப் போட்டுக்கொண்டு வரும் சூன் பாண் த்ரீவீல், ராத்திரி கொத்து ரொட்டி போடும் தகட்டுச் சத்தம். மூன்றாவது ஊர்ச்சத்தம்: அந்த ஊருக்கே சொந்தமானது, இல்லாமல் போனால் ஊர் வேறு ஊராகிவிடும். கண்டியில் தலதா மாளிகையின் பூசை நேர மேளம் அப்படி. கொட்டகலைப் பக்கத்து ஆட்களைக் கேட்டால் சிங்கமலை சுரங்கத்துக்குள் ரயில் புகும்போது சத்தம் சட்டென்று அறுபடுவதைச் சொல்வார்கள்.

இந்த மூன்றாவது வகையைப் பிள்ளைகளே முடிவு செய்ய வேண்டும், நான் சொல்லிக் கொடுப்பதில்லை. ஒரு முறை ஒரு பையன் நாட்டாமிமார் மூட்டை தூக்கும்போது "வழி வழி" என்று போடும் சத்தத்தை ஊர்ச்சத்தம் என்று எழுதினான். அவனுடைய அப்பாவும் சந்தையில் நாட்டாமி. நான் 20 வருஷமாக அந்தச் சந்தைக்குப் போய் வருகிறேன், ஒரு நாளும் அதை அப்படிக் கேட்டதில்லை.

போனில் டெசிபல் ஆப் இருக்கிறது, அதை நம்பலாமா?

ஒப்பிட்டுப் பார்க்க நம்பலாம், வழக்குப் போட நம்ப முடியாது. ஒவ்வொரு போனின் மைக்கும் ஒரு மாதிரி, அதனால் ஒரே போனை, ஒரே உயரத்தில் பிடித்து அளவெடுங்கள். காற்று அடித்தால் அளவு கண்டபடி ஏறும், மைக்குக்கு மேலே ஒரு கம்பளிக் காலுறையைப் போட்டுக்கொள்ளுங்கள். டெசிபல் சாதாரணக் கூட்டல் கணக்கு இல்லை என்பதும் ஞாபகம் இருக்கட்டும். ஒரே மாதிரி உறுமும் ஒரு பஸ் இரண்டானால் 3 டெசிபல்தான் கூடும், 10 கூடினால் காதுக்கு ஏறத்தாழ இரட்டிப்பாகக் கேட்கும். இலங்கையில் 1996ஆம் ஆண்டின் சத்தக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகளில் மாநகர சபை, நகர சபை எல்லைக்குள் பகலுக்கு 63, இரவுக்கு 50 டெசிபல் என்று வைத்திருக்கிறார்கள். அந்த இரண்டு எண்ணையும் கொப்பி முதல் பக்கத்தில் எழுதிக்கொண்டு போனால் எங்கே நிற்கிறோம் என்று ஒரு மட்டம் தெரியும்.

ஆனால் எண் எல்லாவற்றையும் சொல்லாது. கோயில் மணி, பஸ் ஹோர்ன் இரண்டும் ஒரே எண் காட்டலாம். நியூயோர்க்கில் பேலி பார்க் என்று 1967இல் திறந்த ஒரு சின்னப் பூங்கா இருக்கிறது. பின்சுவரில் தண்ணீர் கொட்டும் சத்தம் பெரிதுதான், ஆனால் அது தெருச் சத்தத்தை மூடிவிடுவதால் மக்கள் அங்கே நிம்மதியாக உட்காருகிறார்கள்.

மூக்கு ரெண்டு நிமிஷத்தில் பழகிவிடுகிறதே, எப்படி முகர்வது?

உண்மைதான், மூக்கு சீக்கிரம் களைத்துவிடும். அதனால் ஒரு இடத்துக்குள் நுழையும் அந்த முதல் சில மூச்சுதான் முக்கியம், அதை உடனே எழுதிவிடுங்கள். பிறகு தள்ளிப் போய்க் கொஞ்ச நேரம் திறந்த காற்றில் நின்றுவிட்டுத் திரும்பி வாருங்கள். அந்த இடத்திலேயே வேலை செய்பவரைக் கேட்டால் "ஒரு வாடையும் இல்லையே" என்பார், பொய் சொல்லவில்லை, அவர் மூக்குக்கு உண்மையாகவே இல்லை. புதிதாக வருபவரையும் பழகியவரையும் கேட்டு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள்.

குளிரில் வாசனை மட்டுப்படும், வெயில் ஏற ஏற எழும்பும். காலை 6 மணிக்கு நுவரெலியாச் சந்தையில் லீக்ஸ், கோவா மூட்டைகள் பனி ஈரத்தோடு மண் வாசனைதான் தரும். அதே இடம் மத்தியானம் மிதிபட்ட கோவா இலை புளிக்கத் தொடங்கியதும் வேறு இடம். கண்டி வாவிக் கரையில் பொழுது சாயும்போது மரத்துக்குப் பறவைகள் வந்து அடைந்ததும் கீழே நடைபாதை முழுக்க எச்ச வாடை, காலையில் அங்கே நடப்பவர்களுக்கு அது அவ்வளவாகத் தெரியாது. தேயிலை பெக்டரிக்குப் பக்கத்து டவுன் என்றால் காற்று எந்தப் பக்கம் என்பதைக் கட்டாயம் எழுதுங்கள். இலை வாடப் போட்டிருக்கும்போது வெட்டின புல் மாதிரி ஒரு பச்சை வாசம், அடுப்பில் உலர்த்தும்போது வறுபட்ட இனிப்பு வாசம், இரண்டும் ஒன்றில்லை.

வாசனையையும் சத்தத்தையும் எழுதச் சொல் கிடைக்கவில்லை. என்ன செய்வது?

இதில் நாம் பணக்காரர்கள், அதை மறந்துவிட்டோம். வாசம், மணம், வாடை, வீச்சம், கவிச்சி, மக்கல், புளிச்சல், ஊசல், கருகல், புழுங்கல், முடை. ஒவ்வொன்றும் தனித்தனிச் சங்கதி. "கெட்ட நாற்றம்" என்று எழுதினால் யாருக்கும் ஒன்றும் விளங்காது. "ஈரச் சாக்கின் மக்கல் வாடை, அதற்கு மேலே கருவாட்டுக் கவிச்சி" என்று எழுதினால் படிப்பவர் சந்தையில் எந்தப் பக்கம் என்றே சொல்லிவிடுவார்.

சத்தத்துக்கு இரட்டைக்கிளவி இருக்கிறது. மழை சடசடவென்று தகரத்தில், சளசளவென்று கானில். ஸ்டேஷன் ஒலிபெருக்கி கரகர. பெட்டிகள் தடதட. பள்ளிக்கூடம் விட்டதும் கலகல, கடை ஷட்டர் கடகட, பழைய பஸ் கண்ணாடி லொடலொட. பிள்ளைகள் இதைப் பிடித்துக்கொண்ட பிறகு கொப்பி மாறிவிட்டது. சிங்களப் பிள்ளைகளும் கூட வந்தால் அவர்கள் மொழியில் இதே மாதிரி இருக்கிற சொற்களைப் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள், ஒரே மழை இரண்டு மொழியிலும் எப்படிப் பெய்கிறது என்று பார்க்கலாம்.

தொடுவது என்றால் கண்டதையும் கையால் தொட வேண்டுமா?

கையை விடக் கால்தான் அதிகம் தொடுகிறது. மலை டவுனில் சமதரை என்று ஒன்று அபூர்வம். எத்தனை படி, ஒவ்வொரு படியும் எவ்வளவு உயரம், எல்லாம் ஒரே உயரமா, நடுவில் மூச்சு வாங்க ஒரு மேடை இருக்கிறதா, பிடிக்கக் கம்பி இருக்கிறதா. எங்கள் டவுனில் மேல் ரோட்டுக்கும் கீழ் ரோட்டுக்கும் நடுவில் ஒரு படிக்கட்டு இருக்கிறது. அளவு நாடா வைத்துப் பார்த்தோம். நாலாவது படி மற்றவற்றை விட இரண்டு அங்குலம் கூட. ஏறும்போது கண்ணுக்குத் தெரியாது, கால் பெருவிரல் போய் இடிக்கும். அந்தப் படியின் விளிம்பு மட்டும் தேய்ந்து வழுவழுவென்று இருக்கிறது, அத்தனை கால் அங்கே தடுக்கியிருக்கிறது. ஒரு அம்மா அரிசிப் பையோடு ஏறும்போது சரியாக அந்தப் படிக்கு முன்னால் நின்று, பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றி, வலது பக்கச் சுவரில் உள்ளங்கையை ஊன்றி ஏறினார். சுவரில் அந்த இடம் எண்ணெய் படிந்து கறுத்திருந்தது. அவர் மட்டும் ஊன்றவில்லை. கம்பி எங்கே போட வேண்டும் என்று அந்தக் கறை காட்டிக்கொடுத்தது.

சக்கர நாற்காலிக்கான சாய்வு 12 அடி நீளத்துக்கு 1 அடிக்கு மேல் ஏறக்கூடாது என்பது பொதுவான அளவு. நம் டவுனில் சாய்வுப் பாதை என்று கட்டி வைத்திருப்பதை அளந்து பாருங்கள்.

நாக்குக்கு என்ன வேலை?

குறைவுதான், ஆனால் இருக்கிறது. ஸ்டாண்டில் நின்றுவிட்டு உதட்டை நக்கிப் பாருங்கள், டீசல் புகையும் தூசும் தெரியும். மற்றபடி கையில் காசு கொஞ்சமாக இருப்பவர் அந்த இடத்தில் என்ன சாப்பிடலாம் என்று எழுதுங்கள். வடை, கடலைச் சுண்டல், மிளகாய்த்தூள் போட்ட அச்சாறு, இஞ்சி பிளேன்டீ. பிளேன்டீக் கடை இருக்கும் இடத்தில் குளிருக்கு ஆட்கள் கூடுகிறார்கள், கடையை எடுத்துவிட்டால் கலைந்துவிடுகிறார்கள்.

மழையும் பனியும் இருக்கிற நாளில் போகலாமா?

கட்டாயம் போக வேண்டும். வெயில் நாளில் மட்டும் எழுதினால் அது நம் ஊரே இல்லை. வைகாசியிலிருந்து புரட்டாசி வரை தென்மேல் பருவம் ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியாப் பக்கம் கொட்டும், அதே நேரத்தில் ஊவாப் பக்கம், பண்டாரவளை, பதுளையில், காற்று காய்ந்து அடிக்கும். வடகீழ்ப் பருவத்தில் பதுளைப் பக்கம் நனையும். அதனால் ஒரு ஊரில் எழுதியதை இன்னொரு ஊரோடு ஒப்பிடும்போது மாதத்தைப் பாருங்கள்.

குளிர்ந்த காலையில் தூரத்துச் சத்தம் பக்கத்தில் கேட்பது உங்கள் பிரமை இல்லை. இரவில் குளிர்ந்த கனமான காற்று பள்ளத்தில் தங்கி, அதற்கு மேலே சூடான காற்று மூடி போல நிற்கும். மேலே போகும் சத்தம் அங்கே வளைந்து திரும்பக் கீழேயே வரும். கண்டி மாதிரி சுற்றிலும் மலை சூழ்ந்த கிண்ணத்தில் வாகனப் புகையும் இதே மாதிரித்தான் மூடிக்குக் கீழே சிக்கிக்கொள்கிறது. வெயில் ஏறி அந்த மூடி கலைகிற நேரத்தைக் காதையும் மூக்கையும் வைத்தே சொல்லலாம்.

மழையில் இன்னொன்றைக் கவனித்தோம். தகரக் கூரைக்குக் கீழே மழைச் சத்தத்தில் பேச்சு கேட்காது, அதனால் ஆட்கள் நெருங்கி நிற்கிறார்கள். அந்நிய ஆண்கள் நெருங்கி நிற்பது சில பெண்களுக்குச் சங்கடம், அவர்கள் நனைந்தாலும் பரவாயில்லை என்று வெளியே போய்விடுகிறார்கள்.

கண் தெரியாதவர்களிடம் கேட்கலாமா?

அவர்களிடம்தான் முதலில் கேட்க வேண்டும், மரியாதையோடு, அவர்களுக்கு நேரம் இருந்தால். எங்கள் டவுனில் லொத்தர் சீட்டு விற்கும் ஒரு ஐயா இருக்கிறார். பேக்கரி வாசத்தில் திரும்புவார், கான் மூடியில் தடி பட்டு டங்கென்று கேட்டால் ரோட்டைக் கடக்கும் இடம் வந்துவிட்டது. அந்தக் கான் மூடி ஒரு நாள் களவு போய்விட்டது. பலகை ஒன்றைப் போட்டு மூடினார்கள், விழாமல் இருந்தால் போதும் என்று நினைத்திருப்பார்கள். ஐயாவுக்குச் சத்தம் போய்விட்டது. இரண்டு நாள் அவர் கடக்கவே இல்லை, இந்தப் பக்கமே நின்று விற்றார்.

டிக்கெட் எடுத்து உள்ளே போகும் பூங்காவும் பொது இடமா?

நுவரெலியா விக்டோரியா பார்க், கிரகரி வாவிக் கரை இரண்டுக்கும் டிக்கெட் உண்டு. அங்கேயும் போய்ப் படியுங்கள், ஆனால் கேட்டுக்கு வெளியே உட்கார்ந்திருப்பவர்களையும் சேர்த்து எழுதுங்கள்.

ஒலிப்பதிவு செய்தால் பிரச்சினை வருமா?

வரலாம். ஒரு தடவை சந்தை வாசலில் போனை நீட்டிக்கொண்டு நின்றபோது ஒரு காவலாளி வந்து எதற்கு என்று கேட்டார், குரல் உயர்ந்துவிட்டது, பிள்ளைகள் பயந்துபோனார்கள். தப்பு என்மேல்தான், முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். இப்போது முதலில் போய்ச் சொல்லிவிடுவோம், சிங்களத்திலும் தமிழிலும் ஒரு துண்டுக் கடிதம் கையில் இருக்கும். ஆட்கள் பேசுவதைப் பதிவு செய்வதில்லை, தவறி விழுந்தால் அழித்துவிடுவோம். பொலிஸ், இராணுவ முகாம் பக்கம் பதிவே வேண்டாம்.

பெண் பிள்ளைகள் தனியாகப் போகலாமா?

இரண்டு பேராகப் போகச் சொல்வேன். ஆனால் அவர்களுக்கு எங்கே பயமாக இருந்தது என்பதை எழுதுவதும் ஆய்வுதான். ஒரே சந்தைதான், பையன்களுக்கு அது ஆர்ப்பாட்டமான கலகலப்பு, பெண் பிள்ளைகளுக்கு உரசல். இரண்டு கொப்பியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், இரண்டு டவுன் தெரியும்.

இதெல்லாம் ஒருவருடைய உணர்வுதானே, இதை எப்படி ஆதாரம் என்பது?

ஒருவர் ஒரு நாள் எழுதினால் அது அவருடைய உணர்வு. 12 பேர், நாலு வாரம், ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் எழுதி அதில் 10 பேர் அந்த இரண்டு இருக்கையில் மூத்திர வாடை என்று குறித்தால் அதைத் தள்ளிவிட முடியாது. சத்தத்துக்கென்று 2014இல் வந்த ஐஎஸ்ஓ 12913 என்ற சர்வதேசத் தரமே, ஒரு இடத்தின் ஒலிச்சூழல் என்பது மக்கள் அதை எப்படி உணர்கிறார்கள், விளங்கிக்கொள்கிறார்கள் என்பதைச் சேர்த்ததுதான் என்று வரையறுக்கிறது. கருவி காட்டும் எண்ணோடு நின்றுவிடவில்லை. நடந்து கேட்பதையும் ஆட்களிடம் கேள்வி கேட்பதையும் முறைகளாக 2018இல் வந்த அதன் அடுத்த பகுதி ஏற்றுக்கொள்கிறது.

கண்டதையும் நினைத்ததையும் கலக்காதீர்கள். இடது பக்கம் "2.40, கானிலிருந்து மூத்திர வாடை, காற்று கீழிருந்து". வலது பக்கம் "எனக்கு அருவருப்பு, எழுந்துவிட்டேன்". இரண்டும் வேண்டும், வேறு வேறு கட்டத்தில் வேண்டும்.

எழுதியதை உள்ளூர்ச் சபைக்குக் கொடுத்தால் ஏதாவது நடக்குமா?

சில தடவை நடந்தது, சில தடவை கடிதம் அலுமாரிக்குப் போய்விட்டது. எங்கள் அனுபவத்தில் "பஸ் ஸ்டாண்டைச் சீரமைக்கவும்" என்று எழுதிய கடிதத்துக்குப் பதிலே வரவில்லை. "நாலாவது படி இரண்டு அங்குலம் உயரம், வலது பக்கச் சுவரில் கை ஊன்றும் கறை இருக்கும் இடத்தில் கம்பி வேண்டும்" என்று அளவோடும் படத்தோடும் கொடுத்ததற்கு மேஸ்திரி ஒருவர் வந்து பார்த்தார். அங்கே இப்போது கம்பி இருக்கிறது. படி அப்படியேதான் இருக்கிறது, இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

எனக்கு ஒரு மணித்தியாலம்தான் இருக்கிறது. எங்கே தொடங்குவது?

ஞாயிறு காலை 10 மணிக்கு உங்கள் டவுன் பஸ் ஸ்டாண்டுக்குப் போங்கள். தோட்டத்திலிருந்து வந்த அம்மாமார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பாருங்கள், பெரும்பாலும் அது இருக்கையாக இருக்காது, ஏதாவது ஒரு கட்டை மதிலாகவோ மூடின கடையின் வாசற்படியாகவோ இருக்கும். கேட்டுவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். நான் அப்படி முதல் தடவை உட்காரப் போனபோது ஒரு அம்மாயி, "இரு புள்ள, ஈரமா இருக்கு" என்று தன்னுடைய சாக்கை இழுத்து எனக்குப் பாதி விரித்தார். கொப்பியைத் திறந்து முதல் வரியாக அதைத்தான் எழுதினேன்: மதில் ஈரம், மழை விட்டு இரண்டு மணித்தியாலம் ஆகியும்.